கைப்பேசிக்குள் வந்த மேஸ்திரி

காரைக்கால் துறையிலிருந்து மனிதரை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் போன காலம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அது. ரீயூனியனிலும் மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இருந்த பிரெஞ்சுக்காரனின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஏழை உழவன் ஒப்பந்தக் கூலியாக ஏற்றப்பட்டான். ஊர் ஊராகச் சென்று ஆள் பிடித்தவனுக்கு மேஸ்திரி என்று பெயர். நல்ல சம்பளம், வயிறாரச் சோறு என்று ஆசை காட்டுவது அவன் தொழில்.

அந்த மேஸ்திரி செத்தொழிந்தான் என்றா எண்ணுகிறீர்கள், தோழர்களே? இல்லை! நம் பிள்ளைகளின் சட்டைப்பையில் குடியேறியிருக்கிறான்.

கிளிஞ்சல்மேட்டுக் கரையில் ஒரு மாலை நின்று பாருங்கள். தகப்பன் வலையைச் செப்பனிடுவான். பக்கத்தில் படித்த மகன் கைப்பேசியில் கண் புதைத்து உட்கார்ந்திருப்பான். சினிமா பார்க்கிறான் என்று ஏசுகிறோம். பல நேரம் அவன் தேடுவது வேலை. ஏன் தேடமாட்டான்? 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்ததை அந்தக் கரை மறக்கவில்லை. ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடை. தடை முடிந்து போனாலோ துப்பாக்கி! 2025 ஜனவரியில் நெடுந்தீவுக்கு அருகே இலங்கைக் கடற்படை சுட்டதில் காரைக்கால் படகில் இருந்த இருவர் படுகாயமுற்றனர். 13 பேர் பிடிபட்டனர். என் தொழில் என்னோடு போகட்டும் என்று தகப்பனே சொல்வதில் வியப்பென்ன?

ஆகவே, இணையத்தில் வேலை தேடாதே என்பவனல்ல நான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்தே தலை நரைத்தவர்கள் நம்மிடையே உண்டு. காலியிடத்தை அலுவலகத்துக்கு அறிவி என்று 1959-ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிக்குச் சொன்னது. அங்கிருந்துதான் ஆள் எடு என்று சொல்லவில்லை! சேதி தெரிந்தவனுக்கு வேலை, தெரியாதவனுக்குத் திண்ணை என்றிருந்தது. இன்று ரயில்வே விளம்பரம் டெல்லிக்கும் கிளிஞ்சல்மேட்டுக்கும் ஒரே நாளில் வருகிறது. மத்திய அரசு 2015-ல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்தில் பதிவு செய்யக் காலணாக் கொடுக்க வேண்டியதில்லை. இது சின்னக் காரியமன்று.

ஆனால் அதே திரையில்தான் மேஸ்திரியும் வருகிறான். தாய்லாந்தில் கணினி வேலை என்ற விளம்பரத்தை நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள் 2022-ல் எங்கே போய்ச் சேர்ந்தார்கள்? எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவடியில்! அங்கே அவர்களுக்கு இட்ட வேலை, இணையத்தின் வழியே பிறரை ஏமாற்றுவது. அவ்வாண்டு அக்டோபரில் 13 பேர் மீண்டு சென்னைக்கு வந்தனர். படித்த பிள்ளைகள்தாம்! படிப்பு மட்டும் காப்பாற்றவில்லை. தனியே உட்கார்ந்து, யாரிடமும் காட்டாமல் நம்புகிறவனை ஏமாற்றுவது எளிது.

நம் படிப்பகங்களுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்டு, கேள்வி கேட்டு, அரசியல் கற்ற இடமல்லவா அது! (இன்று சில இடங்களில் கேரம் பலகை மட்டும் மிஞ்சியிருப்பதை நானறிவேன்.) பத்திரிகையைக் கூடிப் படித்தவர்கள் கைப்பேசியைக் கூடிப் படிக்கக் கூடாதா?

வளைகுடாவுக்கு மீன்பிடிக்க ஆள் எடுக்கிறோம் என்று ஒரு சேதி வருகிறதா? பத்துப் பேர் நடுவில் வையுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு உண்டா என்பதை அரசின் இ-மைகிரேட் தளத்தில் அங்கேயே பார்த்துவிடலாம். அவன் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் வரியுமே. அதற்கும் ரசீது தரவேண்டும். ஒன்றரை லட்சம் கொடு, ரசீது கேளாதே, முதலில் சுற்றுலா விசாவில் போ என்கிறானா? அவன் யாரென்று பத்துப் பேரில் ஒருவருக்காவது புரிந்துவிடும். கடலுக்குப் போய் வந்த கிழவருக்கு இணையம் தெரியாது. ஆனால் தரகனின் பேச்சு தெரியும்.

ஞாயிறு மாலை இதற்குப் போதும். வேலைக் கடிதம் வந்த பிள்ளைகள் கைப்பேசியோடு வரட்டும். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவன் வெட்கப்பட்டு ஒதுங்கினால் அவனையும் அழைத்து வாருங்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே சொன்னால், பணம் கைமாறுமுன் தடுக்க வழியுண்டு.