வாயைப் பார்க்காத வைத்தியம்

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, என் பெரியப்பா சோற்றைக் குழையப் பிசைந்து வாயின் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தார். கேட்டதற்கு, "பல் ஆடுகிறதடா, உடம்புச் சூடு" என்றார். பெரியம்மா மணத்தக்காளிக் கீரையை இன்னொரு கரண்டி பரிமாறினாள். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் பெரியப்பா. இரத்தம் சோதிக்கிறார்கள், கண்ணைப் பார்க்கிறார்கள், பாதத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். "வாயைத் திறங்கள்" என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை!

பொருளாதாரம் படிக்கிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, நம் நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குமேல் இந்த வியாதி உண்டு. அக்கறை இல்லாத வீடு எது?

சர்க்கரை மிகுந்தால் ஈறுக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் தடிக்கிறது. கிருமிகளோடு போராட வேண்டிய வெள்ளை அணுக்கள் சோர்ந்துபோகின்றன. ஈறுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் கெடுகிறது. உமிழ்நீர் வற்றுகிறது, வற்றிய வாயில் காண்டிடா என்னும் பூஞ்சை படர்ந்து நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெண்படலம் உண்டாக்குகிறது. பல்செட் கட்டியவர்களுக்கு அதன் அடியில் அண்ணம் சிவந்துபோகிறது. சிறு கீறல் ஆறவும் நாளாகிறது. எல்லா வாய்ப்புண்ணும் சர்க்கரையால் வருவதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் 'சூடு' என்று தள்ளிவிடுகிறோமே, அதுதான் தவறு.

ஈறு நோயைச் சர்க்கரை வியாதியின் ஆறாவது சிக்கல் என்று ஹரால்ட் லோ என்ற பல் நிபுணர் எழுதியது 1993-ல். வேடிக்கை என்னவென்றால், கெடுதல் இரு வழியிலும் நடக்கிறது. ஈறில் அழற்சி இருக்கும்வரை அதுவே சர்க்கரையை ஏற்றுகிறது. ஈறை முறையாகச் சுத்தம் செய்து சிகிச்சை அளித்தால், மூன்று நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 சதவீதம் போலக் குறைகிறது.

ஆகவே, சர்க்கரை வைத்தியர் வாயைப் பார்க்க வேண்டும். ஈறு கெட்டு வருகிறவரிடம் பல் வைத்தியர் சர்க்கரையைப் பற்றிக் கேட்க வேண்டும். செலவு அதிகம் என்ற பேச்சு எடுபடாது. ஒரு டார்ச்சு விளக்கும் சிறு கண்ணாடியும் எந்த ஆஸ்பத்திரியில் இல்லை? நண்பர்களே, அடுத்த விடுமுறையில் ரயிலேறி வீடு சேர்ந்ததும், பல் தேய்க்கையில் இரத்தம் வருகிறதா என்று பெரியவர்களிடம் கேளுங்கள்.

பெரியப்பாவுக்குக் கீழ்வரிசையில் நான்கு பற்களை எடுத்தாகிவிட்டது. மற்றவற்றைக் காப்பாற்றச் சிகிச்சை நடக்கிறது. கீரையும் நடக்கிறது, அதைப் பெரியம்மா விடுவதாக இல்லை.