முளைத்தால் போதுமா?

விதை வங்கியில் வைக்கப்பட்ட புல்விதை உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய முளைப்புச் சோதனை ஒன்றே அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. தொடக்க முளைப்புத்திறனில் 85 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது விதையை மீண்டும் பயிரிட்டுப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் மரபணு வங்கி நெறிமுறை. அதற்கு மேல் இருந்தால் அனைவரும் நிம்மதி கொள்கின்றனர். புல்லினங்கள் பலவற்றைப் பொறுத்தவரை இந்த நிம்மதிக்கு அடிப்படையே இல்லை. அவற்றின் விதைக்குள் இரண்டு உயிர்கள் உறங்குகின்றன. எண்ணப்படுவதோ ஒன்று மட்டுமே.

ரைகிராஸ், ஃபெஸ்க்யூ முதலிய குளிர்மண்டலப் புற்களின் செல்களுக்கிடையே எபிக்ளோயி என்னும் உள்வாழ் பூஞ்சை வாழ்கிறது. அது உருவாக்கும் பெரமைன் என்னும் வேதிப்பொருள் பூச்சிகளிடமிருந்து புல்லைக் காக்கிறது. பயிர்களில் உள்ள இத்தகைய பூஞ்சைகளில் பெரும்பாலானவை வித்துகளைப் பரப்பிப் புதிய செடியைத் தேடிச் செல்வதில்லை. தாய்ச்செடியின் விதை வழியே மட்டும் அடுத்த தலைமுறையை அடைகின்றன. ஆகவே ஒரு வழிமரபில் பூஞ்சை ஒருமுறை அறுந்தால் அது தானாகத் திரும்புவதில்லை.

சேமிப்பில் முதலில் மடிவது பூஞ்சையே. வெப்பமும் ஈரமும் மிகுந்த கிடங்கில் ஓரிரு ஆண்டுகளிலேயே அது செத்துவிடக்கூடும்; விதையோ அதன் பின்னும் நன்றாக முளைக்கும். சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பதாலும் பயனில்லை; இறந்த பூஞ்சை இழையும் சாயத்தை ஏற்கும். நாற்று வளர்த்து, சில வாரங்கள் கழித்து அதன் இலையுறையைச் சோதித்தால்தான் உண்மை தெரியும். நியூசிலாந்தில் பூஞ்சையோடு விற்கப்படும் ரைகிராஸ் விதையில் குறைந்தது 70 விழுக்காட்டில் உயிருள்ள பூஞ்சை இருக்க வேண்டும் என்பது விதைத்துறையின் அளவுகோல். அங்கே பூஞ்சையின் உயிர் தனியே எண்ணப்படுகிறது.

இந்தியாவின் விதைச் சான்றளிப்புத் தரங்கள் எண்ணுவது தூய்மை, முளைப்பு, ஈரப்பதம் ஆகியவற்றை. நெல்லுக்கு 80 விழுக்காடு முளைப்பு, கேழ்வரகுக்கு 75. பூஞ்சை என்ற சொல் அங்கே நுழைவது கரிப்பூட்டை போன்ற நோயின் பெயரில்தான். நண்பனுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பூஞ்சை என்றாலே பகை என்று பழகிய கை, புதுப்பிப்புக்கு விதைக்கும் முன் பூஞ்சைக்கொல்லியைக் கலக்கிறது. காக்க வேண்டியதைக் காப்பவரே அழிக்கும் நிலை இது.

குளிர்சேமிப்பின் மீது பழி போடுவதும் சரியன்று. புது தில்லியில் உள்ள தேசிய மரபணு வங்கியில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் உள்ளன. அங்கு நீண்டகாலச் சேமிப்புக்குப் பின்பற்றப்படும் சுழியத்துக்குக் கீழ் 18 டிகிரி குளிரும் நன்கு உலர்த்திய விதையும் பூஞ்சைக்கும் உகந்தவையே. ஆபத்து அதற்கு முந்தைய வாரங்களில் இருக்கிறது. இமயமலை மேய்ச்சல்வெளியில் திரட்டிய புல்விதை, மழைக்காலச் சமவெளியின் புழுக்கத்தில் உலர்த்தப்படாமல் காத்துக் கிடந்தால், குளிரறைக்குள் நுழையுமுன்பே அதன் துணை உயிர் போய்விடலாம்.

இப்பூஞ்சைகள் கால்நடைக்கு நஞ்சல்லவா என்று கேட்போர் உண்டு. சில வகைகள் நஞ்சுதான். ரைகிராஸ் மேய்ந்த ஆடுகள் தள்ளாடி விழுவதற்கு லோலிட்ரெம் பி காரணம். அந்த நஞ்சை உருவாக்காமல் பெரமைனை உருவாக்கும் ஏஆர்1 போன்ற வகைகளை நியூசிலாந்து அறிவியலாளர் தேர்ந்தெடுத்தனர். உயிருள்ள பூஞ்சைகளின் பன்மை கையில் இருந்ததால்தான் அத்தேர்வு இயன்றது. செத்த பூஞ்சையிலிருந்து எவரும் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. செலவு மிகும் என்ற வாதமும் நிற்காது. எல்லா மாதிரிகளையும் சோதிக்கக் கேட்கவில்லை. புல்லினங்களில் ஒரு பகுதியை நாற்றுவழி சோதிக்க முளைப்புச் சோதனையின் நாற்றுகளே தொடக்கமாகும்.

புல்விதைகளை விரைவில் உலர்த்துதல், புதுப்பிப்பில் பூஞ்சைக்கொல்லியைத் தவிர்த்தல், மாதிரிப் பதிவில் உள்வாழ் பூஞ்சையின் உயிர்நிலைக்கு ஒரு பத்தி ஒதுக்குதல்: தேவை இம்மூன்றே. இவை இல்லாமல் ஒரு மாதிரியை முழுமையாகக் காத்தோம் என்று எந்த வங்கியும் சொல்லிக்கொள்ள உரிமையில்லை. அதே எண்ணும் அதே பெயரும் கொண்ட உறைக்குள், காட்டில் நின்ற புல்லின் பாதி மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும்.