உறுப்பு கெடும் முன்: ஸ்ரீராம்புரம் பிரகடனம்

அரிய பரம்பரை நோய்களைக் கண்வழியே காலத்தோடு கண்டறிய வேண்டும் என்று கோரும் இந்த இயக்கத்தை, பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் கூடிய நாங்கள் இன்று தொடங்குகிறோம்.

எங்கள் முதல் சாட்சி அரசின் ஆவணமே. 2021-இல் வெளியான அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, சிகிச்சைக்குரிய நோய்களின் பட்டியலில் ஃபேப்ரி நோயைச் சேர்த்தது. உறுப்புகள் பெரிதாகக் கெடும் முன் கண்டறியப்பட்டிருக்க வேண்டும் என்றும் எழுதியது. மருத்துவப்படி அது நியாயமான நிபந்தனைதான். ஆனால் கெடும் முன் கண்டறிவது யார் பொறுப்பு? அதை நோயாளியின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்க விடமாட்டோம்.

ஃபேப்ரியில் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற நொதி குறைகிறது. சிதைய வேண்டிய கொழுப்பு ரத்தக் குழாய்ச் சுவர்களில் படிகிறது. பிள்ளைக்கு உள்ளங்கையும் பாதமும் எரியும், வியர்க்காது, வெயிலில் ஓடியாட முடியாது. சாக்குச் சொல்கிறான் என்பார்கள். வளர்ந்தபின் சிறுநீரகமோ இதயமோ பழுதாகும், பக்கவாதமும் வரலாம். அதற்கு வெகு முன்பே பலருக்குக் கண்ணில் அடையாளம் வந்துவிடுகிறது. கண் மருத்துவர் ஸ்லிட் லாம்ப் என்ற நுண்ணோக்கியில் பார்த்தால், கருவிழியில் ஒரு புள்ளியிலிருந்து சுழன்று விரியும் மங்கிய பழுப்புக் கோடுகள். விழித்திரையில் அவரைக்கொடி போல நெளிந்தோடும் குழாய்கள். பார்வை குறையாததால் யாரும் தேடுவதில்லை.

இன்னும் நுணுக்கமாகத் தேடவும் வழி உண்டு. விண்மீன் ஒளியின் கலக்கத்தைத் திருத்த வானியலார் கண்ட உத்தியை, 1997-இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் கண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணின் சொந்தக் குறைகளை ஓர் உணரி அளக்க, வடிவம் மாறும் ஓர் ஆடி அவற்றை ஈடுசெய்கிறது. இந்த அடாப்டிவ் ஆப்டிக்ஸ் கேமராவில் விழித்திரைத் தமனியின் சுவரை மைக்ரான் கணக்கில் அளக்கலாம், உடலில் ஒரு கீறலும் இல்லாமல்.

இப்படிக் கண்ணைப் படமெடுத்துத் தேடுவது இந்த ஊருக்கு எட்டாத காரியமல்ல. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையை மாவட்டங்களுக்கே போய்ப் படமெடுக்கும் கிட்ராப் திட்டம் 2008 முதல் கர்நாடகத்தில் நடக்கிறது. அதைத் தொடங்கிய நாராயண நேத்ராலயா, பக்கத்து ராஜாஜிநகரில்தான் இருக்கிறது.

காரணம் தெரியாமல் டயாலிசிஸுக்கு வருகிறவர், இளவயதில் பக்கவாதம் கண்டவர், கை கால் எரிகிறது என்று அழும் பிள்ளை: இவர்கள் ஒவ்வொருவருக்கும் கருவிழிப் பரிசோதனையும் விழித்திரைப் படமும் கட்டாயமாக வேண்டும். மிண்டோ போன்ற அரசு கண் மருத்துவமனைகளில் உயர்துல்லியக் கேமரா ஏழைக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். கண் எழுப்புவது சந்தேகத்தைத்தான். இதயத் துடிப்பைச் சீராக்கத் தரும் அமியோடரோன் மாத்திரையாலும் கருவிழியில் அதே சுழல் வரும். ஆகவே ஆண்களுக்கு நொதிச் சோதனை வேண்டும். பெண்களுக்கு நொதி சரியாக இருந்தும் நோய் இருக்கலாம்; அவர்களுக்கு மரபணுச் சோதனையே வேண்டும்.

சொந்தத்தில் கட்டிய பாவம் என்று எந்தத் தாயையும் ஏச விடமாட்டோம். ஃபேப்ரி எக்ஸ் குரோமோசோம் வழியே வருவது. நோயுள்ள தகப்பனிடமிருந்து எல்லா மகள்களுக்கும் போகும், மகனுக்குப் போகாது. தாயிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. ஒருவருக்கு உறுதியானால் தாய்மாமன், சித்தி, அக்கா, தங்கை என்று அந்தக் கிளை முழுவதையும் சோதிக்க வேண்டும். முடிவைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, படத்தோடு அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். இக்கோரிக்கைகளை முதல் மனுவாக மாநில சுகாதாரத் துறைக்கு அனுப்புகிறோம்.