அறத்தொடு நிற்கும் செவிலி

அகப்பொருள் பாடத்தில் ஆண்டுதோறும் நான் சற்று நிதானமாக நடத்தும் பகுதி வெறியாட்டு. தலைவி மெலிந்துகொண்டே போகிறாள். கைவளை நெகிழ்கிறது, மேனியில் பசலை படர்கிறது. காரணம் புரியாத தாய் கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறாள், வேலனை வரவழைத்துக் களம் அமைக்கிறாள், ஆட்டுக்குட்டி பலியாகிறது. முருகன் அணங்கியதால் வந்த நோய் என்று வேலன் சொல்ல, வீடும் அதை நம்புகிறது. உண்மை அறிந்தவள் தோழி ஒருத்திதான். இவ்வளவு சொன்னதும் வகுப்பில் ஒரு சிரிப்பலை எழும். கடந்த ஆண்டு அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளாத மாணவி ஒருத்தி, மணி அடித்த பின்னும் பெஞ்சை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் சொன்னதன் சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன். ஐந்து மாதங்களாக அரிப்பு, வெள்ளைப்படுதல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல். உடம்புச் சூடு என்று சொல்லித் தாயார் வெந்தயமும் மோரும் கொடுத்திருக்கிறார். மருந்துக்கடையில் பெயர் சொல்லாமல் வாங்கிய மாத்திரைகளும் பயன்தரவில்லை. உங்கள் ஊரில் நர்ஸம்மா இல்லையா என்று கேட்டேன். "எங்க தெருவுக்கே வருவாங்க மேம். அதனாலதான் போகல. அம்மாவும் அவங்களும் ரொம்ப சிநேகம்" என்றாள். அவளுக்கு ஏன் அத்தனை அச்சம் என்று நான் கேட்கவில்லை. நாகரிகம் கருதிக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் கேட்கத் துணிவில்லை.

மறுநாள் அவளை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். சீட்டு எழுதும் இடத்திலேயே, வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்வி வந்தது. உள்ளே இருந்த மருத்துவர் நல்லவர், பொறுமையாகப் பார்த்தார். சோதனையில் அது சாதாரணப் பூஞ்சைத் தொற்று என்று தெரிந்தது. பால்வினை நோயே அன்று. ஒரு வார மருந்தில் குணமாயிற்று. ஒரு வாரத்தில் தீரக்கூடிய தொல்லைக்காக ஐந்து மாதம் தூக்கமின்றிக் கிடந்திருக்கிறாள், பத்தொன்பது வயதுப் பெண்.

அது வேறொன்றாக இருந்திருந்தால் என்ற எண்ணம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. கிளமிடியா என்னும் தொற்று பெரும்பாலான பெண்களிடம் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. ஆயினும் கவனியாது விட்டால் கருக்குழாய்வரை ஏறித் தழும்பை உண்டாக்கிப் பிற்காலத்தில் மகப்பேறின்மைக்கும், கருப்பைக்கு வெளியே கருத்தரிக்கும் ஆபத்துக்கும் வழிவகுக்கும். தொடக்கத்திலேயே கண்டால் ஒரு வார நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை போதும். சிபிலிஸ் நோயை அதன் ஆரம்ப நிலையில் ஒரே ஒரு பென்சிலின் ஊசி தீர்த்துவிடும். தீர்க்காமல் விட்டால் பின்னாளில் வயிற்றில் வளரும் குழந்தையையும் அது கொல்லக்கூடும். கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைக்கோமோனாஸ் ஆகிய நான்கும் குணப்படுத்தக்கூடியவை. இந்நான்கிலும் சேர்த்து 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 37 கோடிக்கும் மேற்பட்ட புதிய தொற்றுகள் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மருந்து இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்றும் நம்பிக்கை மையம் என்றும் அழகான தமிழ்ப் பெயர்களில் இடங்களும் இருக்கின்றன. அங்கே போகும் வழியைப் பதினாறு வயதுக்குச் சொல்ல ஆள்தான் இல்லை.

அந்த ஆள் கிராம சுகாதார செவிலியராகத்தான் இருக்க முடியும் என்பது என் கருத்து. சமவெளியில் ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. தமிழ்நாட்டில் இத்தகைய நிலையங்கள் எட்டாயிரத்துக்கும் மேல் உள்ளன. எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்பதெல்லாம் செவிலியருக்கு மனப்பாடம். தாய் சேய் நலத்தில் இம்மாநிலம் பெற்ற பெயரில் பெரும்பகுதி அவர்கள் நடந்த நடையால் கிடைத்தது. ஆனால் பாலுறவு நலம் குறித்த அவர்களுடைய கணக்கு தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் தொடங்குகிறது. தாலி ஏறிய பிறகே ஒரு பெண் அந்த ஏட்டில் ஏறுகிறாள். அதற்கு முன் அவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை உண்டு, புதுயுகம் திட்டத்தில் நாப்கின் உண்டு. அதற்கப்பால் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. திருமணமாகாத பெண்ணின் உடலில் நோய் வரக்கூடும் என்பதையே ஏடு ஒப்புக்கொள்ளவில்லை.

நர்ஸ் என்பதற்குத் தமிழில் செவிலியர் என்று சொல் கண்டவர்கள் அகத்திணையிலிருந்துதான் அதை எடுத்தார்கள். அங்கே செவிலி வெறும் வளர்ப்புத்தாய் மட்டும் அல்லள். தலைவியின் களவொழுக்கம் வீட்டுக்குத் தெரியவேண்டிய நேரம் வரும்போது செய்தி ஓர் ஒழுங்கில் செல்கிறது. தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம். இதற்கு நம் இலக்கணம் இட்ட பெயர் அறத்தொடு நிற்றல். காட்டிக்கொடுத்தல் என்றோ கோள் சொல்லுதல் என்றோ அதற்குப் பெயரிடவில்லை. பெண்ணின் உயிருக்கும் வாழ்வுக்கும் எது நன்மையோ அதைப் பார்த்து, உரிய வேளையில், உரிய சொற்களில், உரியவரிடம் மட்டும் சொல்வதே அந்த அறம். பெற்ற தாய்க்கு முன்பாகச் செவிலியிடம் செய்தி போவதற்கும் காரணம் உண்டு. அவள் நெருக்கமானவள்; ஆனால் கேட்டவுடன் பதறித் துடிக்கவேண்டிய இடத்தில் இருப்பவள் அல்லள்.

என் மாணவியின் ஊரில் செவிலியர் இருக்கிறார், அந்த அறத்துக்கான ஏற்பாடுதான் இல்லை. தெருவுக்கே வருகிறார் என்பது பெரிய வசதி. அம்மாவிடம் சொல்லிவிடுவாரோ என்ற ஐயம் அந்த வசதியையே பயனற்றதாக்கிவிடுகிறது. எனவே முதலில் வேண்டியது இரகசியக் காப்பு. வளரிளம் பருவத்தினர் சொன்னது அவர்கள் இசைவின்றி வீட்டுக்குப் போகாது என்னும் வாக்குறுதி, துணை சுகாதார நிலையச் சுவரில் எழுதப்படவேண்டும். எழுதியபடி நடக்கவும் வேண்டும். யாரேனும் வன்முறையோ மிரட்டலோ செய்திருந்தால் மட்டும் அது மீறப்படும் என்பதையும் அங்கேயே எழுதலாம். இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு கில்லிக் வழக்கில், பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களும் தமக்குச் சொல்லப்படுவதைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி உடையவராயின் பெற்றோர் அறியாமலே கருத்தடை ஆலோசனையும் சிகிச்சையும் பெறலாம் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அந்நாட்டுப் பள்ளிச் செவிலியர்கள் இன்றளவும் அந்த அளவுகோலைக் கொண்டே பணியாற்றுகிறார்கள்.

நம் நாட்டில் சட்டம் வேறு திசையில் நிற்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் பாலுறவு அனைத்தும் குற்றம். அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் தண்டனை உண்டு. குழந்தைகளைச் சீரழிப்பவர்களிடமிருந்து காக்க வந்த இச்சட்டத்தின் நோக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, தன் வயதொத்த காதலனிடமிருந்து பெற்ற புண்ணோடு வந்தால் செவிலியர் என்ன செய்வார்? கேட்காமலிருப்பதே பாதுகாப்பு என்று கருதுவார். கேட்காமலிருந்தால் நோய் தங்கிவிடும். 2019ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், பதினாறு வயதைக் கடந்தவர்களின் இசைவான உறவை இச்சட்டத்தின் கடுமையிலிருந்து விலக்குவது பற்றி எண்ணிப் பார்க்கலாம் என்று கருத்துரைத்தது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பு நாடிவரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவளது பெயரை மருத்துவர் காவல்துறைக்கு வெளியிடத் தேவையில்லை என்றது. கருக்கலைப்புக்குத் திறந்த அந்தச் சிறு கதவைப் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கும் திறந்தால் என்ன?

இனிச் சொல்லுக்கு வருகிறேன்; தமிழ் படித்தவர்கள் உதவக்கூடிய இடம் இது. இந்நோய்களுக்கு நம் மொழி வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். பரங்கிப்புண், பரங்கி வியாதி என்றால் பரங்கியர் கொண்டுவந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றார்கள். எல்லோருக்கும் அது அடுத்தவன் நோய். பேச்சு வழக்கில் பொம்பளைச் சீக்கு என்கிறோம். இங்கே அடுத்தவன் பெண்ணாகிவிட்டாள். இத்தகைய சொற்களோடு வளர்ந்த பெண், தனக்கு நோய் என்று சொல்ல வாயெடுத்தால் தன்னையே வசைபாடிக்கொள்வதுபோல ஆகிறது. பாடநூல் தரும் பால்வினை நோய் என்ற தொடரோ தேர்வுத்தாளைத் தாண்டி வருவதில்லை. குற்றமும் சாட்டாத, அந்நியமாகவும் ஒலிக்காத நடுத்தரமான சொற்கள் நமக்குத் தேவை. 2000களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் தென்பட்ட புலி ராஜா விளம்பரம், ஆணுறை என்ற சொல்லைத் தேநீர்க்கடைப் பேச்சுக்குள் கொண்டுவந்தது. அது வளர்ந்த ஆண்களுக்கான பேச்சு. பதினைந்து வயதுக்கு உரிய பேச்சை இன்னும் எவரும் எழுதவில்லை.

இதையெல்லாம் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது பழைய மறுப்பு. 2005இல் நடுவணரசு தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007வாக்கில் பல மாநிலங்கள் பண்பாட்டின் பெயரால் நிறுத்திவைத்தன. ஆனால் இத்தகைய கல்வி பாலுறவைத் தூண்டுவதில்லை, அது தொடங்கும் வயதையும் குறைப்பதில்லை என்பதை உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி எடுத்துரைத்தது. பண்பாடு என்று வாதிடுவோர்க்கு நான் சொல்வது ஒன்றே. மணத்துக்கு முந்திய காதலைக் களவு என்று பெயரிட்டு, அதற்கென ஓர் இயலே வகுத்த மொழி நம்முடையது. அதை வகுப்பில் நடத்திச் சம்பளம் பெறும் நான், அதே வகுப்பில் இருப்பவர்களுக்கு உடல் உண்டு என்பதைக் காணாததுபோல் இருந்துவந்தேன்.

ஆண்பிள்ளைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அகத்தில் தலைவனுக்குப் பாங்கன் உண்டு, செவிலி இல்லை. இன்றைய பையனுக்கும் கைப்பேசியும் நண்பனுமே ஆசான்கள். புண்ணோ எரிச்சலோ வந்தால், பேருந்து நிலைய லாட்ஜில் மாதம் ஒருநாள் முகாமிடும் பரம்பரை வைத்தியரிடம் போய்ப் பணத்தையும் நாளையும் இழக்கிறான். ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆண் பணியாளர்களுக்கும் இப்பயிற்சி தந்தாலொழிய, பெண்ணுக்கு மட்டும் அறிவுரை சொல்லிப் பயனில்லை. தொற்று இருவருக்குமானது, ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்ப வந்துவிடும்.

செவிலியர்களின் சுமையை அறியாமல் இதைச் சொல்லவில்லை. பிக்மி பதிவு, தடுப்பூசிக் கணக்கு, கர்ப்பிணிகள் வீடு என்று அவர்கள் பொழுது கழிகிறது; இன்னொரு பதிவேட்டைத் தலையில் கட்டினால் அதுவும் எண்களால் நிரம்பும், அவ்வளவே. புதிய வேலை எதையும் சேர்க்காமல் இருக்கும் வேலைக்குள்ளேயே வாய்ப்புகள் உண்டு. நாப்கின் வழங்கும் நாளில், தாய்மார் இல்லாத அரைமணி நேரத்தை ஒதுக்கலாம். எல்லா வெள்ளைப்படுதலும் நோய் அன்று, எது நோய் என்பதை விளக்கவே பத்து நிமிடம் போதும்; அதுவே பாதி அச்சத்தைப் போக்கிவிடும். 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவநலத் திட்டத்தில் சக வயதுக் கல்வியாளர்கள் உண்டு. தோழமை என்று பொருள்படும் சாத்தியா என்னும் இந்திப் பெயரில் அவர்களுக்கான கையேடுகள் வந்தன. நம் பழைய தோழியின் இடம் அதுதான். தோழிக்குத் தெரிந்ததைக் கேட்க ஒரு செவிலி இருக்கவேண்டும்.

தடுப்பூசியும் இத்தகைய வாய்ப்பே. கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ முழுவதுமே எச்.பி.வி. என்னும் பால்வழித் தொற்றால் வருகிறது. 2025 மார்ச்சில் தாக்கலான தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கை, 14 வயதுச் சிறுமியருக்கு இத்தடுப்பூசியைப் படிப்படியாக வழங்கும் திட்டத்தை அறிவித்தது. வரவேற்கிறேன். ஆனால் ஊசி போடும்போது அது புற்றுநோய் ஊசி என்று மட்டும் சொல்லி, எப்படிப் பரவும் தொற்று என்பதை விழுங்கிவிட்டால், உண்மை பேசக் கிடைத்த ஒரு நல்ல தருணம் கைநழுவிப் போகும். ஊசியும் எல்லாத் தொற்றையும் தடுக்காது.

என் மாணவி இப்போது இறுதியாண்டு படிக்கிறாள். அன்றைய நிகழ்ச்சியைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. அவள் ஊர்ச் செவிலியரை நான் ஒருமுறை சந்தித்தேன். யாரைப் பற்றியும் குறிப்பிடாமல் பொதுவாகக் கேட்டேன். "வந்து கேட்டா சொல்லிக் குடுப்பேன் டீச்சர். நானா போய் ஆரம்பிச்சா நாளைக்கே ஊர்ல பிரச்சனை பண்ணுவாங்க" என்றார். அவர் காத்திருக்கிறார், பெண்கள் அஞ்சுகிறார்கள். இடையில் நிற்கும் நாங்கள் களவியலை வேகமாக நடத்தி முடிக்கிறோம்.

வரும் பருவத்தில் வெறியாட்டுப் பகுதி முடிந்த மறுநாள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு செவிலியரை வகுப்புக்கு அழைக்க அனுமதி கேட்டிருக்கிறேன். ஆசிரியர் எவரும் அறையில் இருக்கக்கூடாது, கேள்விகள் பெயரில்லாத துண்டுச் சீட்டில் வரவேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதினேன். இலக்கியப் பாடத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டு அது திரும்பி வந்திருக்கிறது. பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.