துருவும் கறுப்புப் பூச்சும்

சென்ற சில வாரங்களாக நமது வீட்டில் ஒரு சப்தத்தைப் பற்றியே பேச்சு. சப்தம் வீட்டிலே உண்டானதன்று. வாசலில் நிற்கும் மோட்டார் வண்டியிலே உண்டானது. பிரேக்கை அழுத்தினால் ஒரு தடவை, காலை எடுத்தால் ஒரு தடவை, யாரோ அடியிலிருந்து கதவைத் தட்டுவதுபோல் 'டொக்' என்று கேட்கும்.

நமது வண்டி 2008-ஆம் ஆண்டில் பதிவானது. திருவான்மியூரில், அலையோசை காதில் விழும் தூரத்தில், 17 வருஷ காலமாக வாசம் செய்துவருகிறது. வயசானால் முனகத்தானே செய்யும் என்று நாமும் சும்மா இருந்துவிட்டோம். ஆனால் முன் டயர்கள் இரண்டும் உட்புறமாகத் தேயத் தொடங்கின. வீல் அலைன்மெண்ட் செய்யும் கடையில் மூன்று மாதத்தில் இரண்டு தடவை சரி பார்த்தும், ஸ்டியரிங் மறுபடியும் இடப்பக்கமே இழுத்தது. பிறகுதான் சிநேகிதர் ஒருவர் சொன்ன பட்டறைக்குக் கொண்டுபோனோம்.

பட்டறைக்காரர் அதிகம் பேசாத மனிதர். வண்டியை லிப்டில் உயர்த்தி, கீழே நின்றுகொண்டு, ஒரு பழைய திருப்புளியின் கைப்பிடியால் அங்கங்கே தட்டிக்கொண்டே வந்தார். 'டிங், டிங்' என்று மணி போல் ஒலித்துவந்த இரும்பு, இடது சக்கரத்தின் அருகே வந்ததும் 'பொத்' என்றது. திருப்புளியைத் திருப்பிப் பிடித்து, முனையால் லேசாக அழுத்தினார். அது உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் காப்பிப் பொடி போன்ற துரு ஒரு கைப்பிடி அளவு உதிர்ந்தது.

"ஸார், இது இரும்பு இல்லை, அப்பளம்" என்றார்.

அவர் குத்திக் காட்டிய உறுப்புக்கு 'ஸப்-பிரேம்' என்று பெயர். தற்கால வண்டிகள் பலவற்றில், உடற்கூட்டுக்குக் கீழே முன்புறத்தில், தகட்டு எஃகை அழுத்தி இரண்டு பாதிகளாகச் செய்து ஒன்றாகப் பற்றவைத்த ஒரு சட்டம் போல்ட்டுகளால் மாட்டப்பட்டிருக்கும். சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும் லோயர் ஆர்ம்கள் அதில்தான் சேருகின்றன. எங்கள் வண்டியில் ஸ்டியரிங் ராக்கும், என்ஜினைத் தாங்கும் ஒரு முளையும் அதன்மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. பிரேக் போடும்போது சக்கரம் பின்னுக்குத் தள்ளுகிற பலம் முழுவதையும் அந்தச் சட்டமே ஏற்கவேண்டும். லோயர் ஆர்ம் மாட்டியிருந்த காது துருப்பிடித்து இளகிப்போயிருந்தது. நாம் கேட்ட 'டொக்' அந்தக் காது அசைந்த சப்தம். அது முற்றும் கிழிந்திருந்தால் ஓடுகிற வண்டியில் சக்கரம் தன் இஷ்டப்படி திரும்பியிருக்கும். முந்தின வாரந்தான் அம்மாவை உட்காரவைத்துக் கும்பகோணம் போய்த் திரும்பியிருந்தோம். அந்த நினைவில் நமக்குக் கால் சற்று நடுங்கியது உண்மை.

துரு என்பது இரும்பும் பிராணவாயுவும் தண்ணீரும் சேர்ந்து விளைவிக்கும் பொருள். உப்பு அதில் நேராகச் சேருவதில்லை; ஆனால் உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் காரியம் வெகு துரிதமாக நடக்கிறது. துருவின் பருமன் அது தின்ற இரும்பின் பருமனைவிடப் பல மடங்கு அதிகம். எனவே அது பொருக்குப் பொருக்காக உப்பி, அடுத்த அடுக்கைக் காற்றுக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஸப்-பிரேம் பெட்டிபோல் உள்ளே கூடாக இருப்பது. தண்ணீர் வடிவதற்காக வைத்த துவாரங்களைச் சேறு அடைத்துக்கொண்டால், ஈரம் உள்ளேயே தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

இந்த விஷயத்தில் நமது நாட்டுக்கு ஒரு கீர்த்தி உண்டு. டில்லியில் மெஹ்ரௌலி இரும்புத் தூண் ஏறக்குறைய 1600 வருஷமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாயிருப்பதும், அதனால் மேலே ஒரு காப்புப் படலம் உண்டாவதும் காரணம் என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். அத்தகைய இரும்பு தகடாக வளைத்து வண்டி செய்ய உதவாது என்பது வேறு விஷயம். நம் காலத்துக் காரியமும் ஒன்று சொல்லவேண்டும். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், தேசம் முழுவதும் இரும்புத் துண்டுகளை வெட்டவெளியில் வைத்துப் பார்த்து, எங்கெங்கே துரு எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது என்று படமே வரைந்திருக்கிறது. கடலோரம் அதில் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

நிற்க. இவ்வளவு பெரிய ஓட்டை ஏன் முன்னமே தெரியவில்லை? அந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு. பதினைந்து வருஷம் முடிந்ததும் வண்டியின் பதிவைப் புதுப்பிக்கவேண்டுமல்லவா? 2023-இல் அதற்காக ஒரு பட்டறையில் விட்டிருந்தோம். "அடியெல்லாம் சுத்தமாய்த் தெரியும்படி ஒரு கோட்டிங் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார்கள். நாமும் சந்தோஷமாகத் தலையாட்டினோம். துருவைச் சுரண்டாமல், அதன் மேலேயே தாரைப் போன்ற கறுப்புப் பூச்சைக் கனமாக அடித்துத் தந்தார்கள். பார்க்கப் புது வண்டிபோல் இருந்தது. ஈரம் உள்ளே அகப்பட்டுக்கொண்டு, இரண்டு வருஷம் நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. வகுப்பில் தப்புக் கணக்கின்மேல் மையைக் கொட்டிவிட்டு, "தவறிக் கொட்டிவிட்டது, ஸார்" என்று நிற்கும் பையன்களை நாம் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறோம். காசு கொடுத்து மை கொட்டச் சொன்னது இதுவே முதல் தடவை.

இனி, ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா என்ற கேள்வி. வேறொரு டிங்கர் 4,000 ரூபாய்க்குத் தகடு வைத்து வெல்டிங் செய்து தருவதாகச் சொன்னார். நமது பட்டறைக்காரர் ஒப்பவில்லை. அவர் சொன்ன நியாயம் இது: புதுத் தகட்டை நல்ல இரும்போடு பற்றவைத்தால்தான் பிடிக்கும், நமது சட்டத்திலோ ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு இரும்பு காகிதமாக மெலிந்திருக்கிறது, நெருப்புப் பட்டால் ஓட்டை பெரிதாகுமே ஒழிய மூடாது. அன்றியும் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொண்டால், லோயர் ஆர்மின் இடம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தாலும் சக்கரம் மறுபடி கோணும்.

பிரிட்டனில் இதை வெகு காலமாக அறிந்திருக்கிறார்கள். அங்கே 1959-இல் அலெக் இஸிகோனிஸ் உருவாக்கிய 'மினி' காருக்கு முன்னும் பின்னும் இரண்டு ஸப்-பிரேம்கள். குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் உப்புத் தூவுவதால் பின் ஸப்-பிரேம் துருப்பிடிப்பது மிகவும் பிரசித்தம். 2000-த்தில் அந்த வண்டி நின்றுபோன பிறகும், அந்தச் சட்டத்தைப் புதிதாகச் செய்து விற்றுக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வயது தாண்டிய கார்களுக்கு அங்கே வருஷாந்தரப் பரீக்ஷை உண்டு. சக்கரங்களைத் தாங்கும் உறுப்புகள் மாட்டுகிற இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இரும்பு பலங்குன்றியிருந்தால் வண்டி தேறாது. அழகு பார்த்துத் தேர்ச்சி போடுவதில்லை.

வீட்டில் ஆலோசனை சபை கூடியது. "எழுபதினாயிரம்கூடப் பெறாத வண்டிக்கு ஏன் செலவு? எடைக்குப் போட்டுவிட்டுத் தவணையில் புதிசு வாங்குங்கள்" என்றார் மைத்துனர். சொல்லுவது சுலபம். தவணை என்றால் ஐந்து வருஷம் மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு பங்கு. மகளுடைய கல்லூரிப் படிப்பு அடுத்த வருஷம் ஆரம்பம். அம்மாவோ, முழங்கால் வலியுடன் சிரமமில்லாமல் ஏறி இறங்கக்கூடிய ஆசனம் இந்த வண்டியில்தான் இருக்கிறது என்று சாதித்தாள். நாம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: உடற்கூடு எப்படியிருக்கிறது? சட்டம் மாட்டும் நான்கு இடங்களையும் தட்டிப் பார்த்து, அவை நான்கும் மணிபோல் ஒலிக்கின்றன என்றார் பட்டறைக்காரர். அவை பொத்தலாயிருந்தால் மைத்துனர் சொன்னதையே கேட்டிருப்போம்.

முதலில் புதுப்பேட்டைக்குப் போனோம். பிரித்த வண்டிகளின் உறுப்புகள் மலைமலையாகக் கிடக்கும் இடம் அது. 6,500 ரூபாய்க்கு ஒரு ஸப்-பிரேம் இருந்தது. கறுப்புப் பூச்சோடு பளபளத்தது. நாமும் இப்போது பண்டிதராகிவிட்டோமல்லவா? சாவியால் தட்டினோம். 'பொத்' என்றது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். புதிசு 18,000 ரூபாய். தருவித்துக் கொடுக்கப் பதினொரு நாள் ஆயிற்று. கூலி வேறு 7,000.

மாற்றுகிற வேலையில் போல்ட்டுகளுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. முதல் நாள் முழுவதும் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறப்போட்டார்கள். அவசரப்பட்டு முறுக்கினால் போல்ட் முறிந்துவிடும். அதன் மரை உடற்கூட்டின் உள்ளே பற்றவைத்திருப்பதால், பிறகு தளத்தையே அறுக்கவேண்டி வரும். மறுநாள் என்ஜினை மேலிருந்து சங்கிலியில் தொங்கவிட்டு, ஸ்டியரிங் இணைப்பைக் கழற்றி, போல்ட்டுகளைக் கால் சுற்று முன்னும் கால் சுற்று பின்னுமாகத் திருகி எடுத்தார்கள். நான்காவது போல்ட் வெளிவர ஒன்றரை மணி நேரம். பட்டறைப் பையன் ஒருவன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, பல் பிடுங்கிய வைத்தியர் பல்லைக் காட்டுவதுபோல், நமக்குக் காட்டினான். புதுச் சட்டத்தை மாட்டுமுன், உள்கூட்டில் மெழுகெண்ணெய் பீச்சச் சொன்னோம். வடிகால் துவாரங்களை அடைக்காமல் விடும்படியும் சொன்னோம்.

இப்பொழுது சப்தம் இல்லை. ஸ்டியரிங் நேராக நிற்கிறது. பழைய சட்டத்தைப் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார். தராசில் ஏற்றுமுன் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். உதிர்ந்த துருவுக்குக் காசு இல்லையாம்.

பின்பக்கத்து அச்சின்மேலும் அதே கறுப்புப் பூச்சு இருக்கிறது. அதைச் சுரண்டிப் பார்ப்பதற்காக வருகிற சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் பட்டறைக்காரர். அதுவரையில் அம்மாவுக்கு ஆட்டோதான்.