ஐந்து எங்கே போயிற்று?

ஜார்ஜ் ஆர்வெலின் '1984' முடியப்போகிற இடத்தில் வின்ஸ்டன் ஸ்மித் மேசைமேல் படிந்த தூசியில் விரலால் 2 + 2 = 5 என்று எழுதுகிறான். சித்திரவதை வேலையை முடித்துவிட்டது என்பதற்கு அந்த ஒரு வரி போதும். 1951ஆம் ஆண்டு மறு அச்சில் அந்த 5 உதிர்ந்துவிட்டது. அச்சுக்கோர்ப்பில் ஓர் எழுத்து விழுந்ததைத் தவிர வேறு காரணம் இல்லை. அதன் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள், சமன்குறிக்குப் பின்னால் வெற்றிடம் விட்ட நாவலைத்தான் பிரிட்டனில் பெரும்பாலோர் வாசித்தார்கள். விடையை எழுதாமல் விட்டிருக்கிறானே, அப்படியானால் அவனுக்குள் ஏதோ மிச்சமிருக்கிறது என்று நம்பிக்கையோடு விளக்கம் சொன்னவர்களும் உண்டு. 1987இல் அந்த 5ஐ அதன் இடத்தில் திரும்ப வைத்தவர் பீட்டர் டேவிசன்.

நம் சிற்றிதழ்களில் ஆர்வெல் அடிக்கடி வருகிறார். டேவிசன் வருவதில்லை. இந்தத் தலையங்கம் அவருக்காக.

1926இல் பிறந்தவர். சிறுவயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போய், போர்க்காலத்தில் கடற்படையில் சேர்ந்து, பிறகு லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்தை வெளிமாணவராகவே படித்து வாங்கினார். சிட்னி, பர்மிங்ஹாம், லாம்ப்பிட்டர், கென்ட் என்று ஊர் ஊராகக் கற்பித்தார். ஷேக்ஸ்பியர் கால நாடகங்களின் பதிப்பியல்தான் அவருடைய துறை. ஒரே நாடகத்தின் இரண்டு பழைய அச்சுகளை அருகருகே விரித்து, ஆசிரியன் எழுதியது எது, அச்சகத்தில் நுழைந்தது எது என்று பிரித்தறிகிற துறை. அந்தக் கண்ணோடு 1980களின் தொடக்கத்தில் ஆர்வெலிடம் வந்தார். பதிப்பகம் கேட்டதெல்லாம் ஒன்பது நூல்களின் பாடத்தைச் சரிபார்த்துத் தரும்படிதான். அந்த வேலை வளர்ந்து 20 தொகுதிகளாகி, 8,500 பக்கங்களைத் தாண்டி, 1998இல்தான் முடிந்தது. ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள். நடுவில் பதிப்பகம் கைமாறியது, திட்டம் கைவிடப்பட்டது, மறுபடி உயிர்பெற்றது, மறுபடி நின்றது. டேவிசன் அதற்குள் பல்கலைக்கழகத்தை விட்டு வந்திருந்தார். லண்டன் பிக்காடிலியில் ஆல்பனி என்ற பழைய குடியிருப்பின் செயலாளராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே இதையும் செய்தார். தலைப்புப் பக்கத்தில் அவரோடு இயன் ஆங்கஸ், ஷீலா டேவிசன் பெயர்களும் இருக்கின்றன. ஆங்கஸ் 1968இல் ஆர்வெலின் மனைவி சோனியாவுடன் சேர்ந்து ஆர்வெல் எழுத்துகளை நான்கு தொகுதிகளாகக் கொண்டுவந்தவர். ஷீலா, பீட்டரின் மனைவி.

அரசியலை எழுதியவனின் பிரதிக்குள் அரசியல் எந்தெந்த வழியாக நுழைகிறது என்பதை இந்தத் தொகுதிகளில் பார்க்கலாம். 'கீப் தி ஆஸ்பிடிஸ்ட்ரா ஃப்ளையிங்' நாவலை 1936இல் கொலான்ஸ் வெளியிட்டது. கதையில் வரும் விளம்பர வாசகங்கள் உண்மையான கம்பெனிகளை நினைவூட்டும், அவதூறு வழக்கு வரும் என்று பதிப்பகத்தார் அஞ்சினார்கள். பக்கங்களோ கோர்த்து முடிந்துவிட்டன. எடுக்கிற சொல்லில் எத்தனை எழுத்தோ அத்தனை எழுத்தில் வேறு சொல் கொடுங்கள் என்று ஆசிரியரிடம் கேட்டார்கள். ஆர்வெல் மனம் கசந்து மாற்றிக்கொடுத்தார். கடிதங்களை வைத்து மீட்க முடிந்ததை டேவிசன் மீட்டார்.

'விலங்குப் பண்ணை'யில் நடந்தது இதற்கு நேர் எதிர். காற்றாலை வெடித்துச் சிதறும்போது நெப்போலியன் உட்பட எல்லா விலங்குகளும் தரையில் விழுந்து படுத்ததாகத்தான் முதலில் எழுதியிருந்தார் ஆர்வெல். 1945 மார்ச்சில், போர்ச் செய்தியாளராகப் பாரிஸில் இருந்தபோது, அதை 'நெப்போலியனைத் தவிர' என்று திருத்தும்படி பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். நெப்போலியன் என்ற பன்றிக்கு முன்மாதிரியான ஸ்டாலின், ஜெர்மானியப் படை நெருங்கியபோது மாஸ்கோவை விட்டு ஓடவில்லை. அவருக்கு அந்த நியாயம் செய்ய வேண்டும் என்பது காரணம். புத்தகம் முழுக்க யாரை எதிர்க்கிறாரோ அவருக்காக ஒரு சொல்லைத் திருத்துகிறார். ஆர்வெலைக் கம்யூனிச எதிர்ப்புக்கு மட்டும் எடுத்தாள்கிறவர்களும், அதற்காகவே அவரை ஒதுக்குகிறவர்களும் இந்தக் கடிதத்தை ஒருமுறை படிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறோம்.

ஸ்பெயின் போர் பற்றிய 'ஹோமேஜ் டு கேட்டலோனியா' 1938இல் 1,500 பிரதிகள் அச்சானது. ஆர்வெல் 1950 ஜனவரியில் இறக்கும்போதும் அவை விற்றுத் தீரவில்லை. கட்சிச் சண்டைகளை விவரிக்கும் ஐந்தாம், பதினொன்றாம் அத்தியாயங்களைக் கடைசியில் பின்னிணைப்பாக வைக்கும்படி அவர் குறிப்பு விட்டுச் சென்றார். 1955இல் வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு அதைக் கேட்டது. ஆங்கிலத்தில் டேவிசன் வரும்வரை யாரும் கேட்கவில்லை. இந்த இடத்தில் எங்களுக்குச் சிறு தயக்கம் உண்டு. பின்னிணைப்பைப் புரட்டாமலே புத்தகத்தை மூடிவிடும் வாசகர்கள் ஏராளம். பார்சிலோனாத் தெருக்களில் 1937 மே மாதம் நடந்த சண்டையின் அரசியல் அவர்களுக்குத் தப்பிப்போகும். ஆனால் இன்ன இடத்தில் இன்னது மாறியிருக்கிறது என்று டேவிசன் சொல்லிவிட்டே மாற்றினார். வாசகர் வேண்டுமானால் பழைய வரிசையிலேயே படித்துக்கொள்ளலாம். 'உண்மை அமைச்சக'த்தில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களை ஓசையில்லாமல் திருத்தும் வின்ஸ்டனின் உத்தியோகத்துக்கு எதிரான உத்தியோகம் இது.

தமிழர்களாகிய நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி ஒன்றும் உண்டு. 1941 ஆகஸ்டிலிருந்து 1943 நவம்பர்வரை ஆர்வெல் பி.பி.சி.யின் கீழைத்தேயப் பிரிவில் இந்தியாவுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரித்தார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய போர்ச் செய்தி விமர்சனங்கள் குஜராத்தி, மராத்தி, வங்காளம் ஆகியவற்றோடு தமிழிலும் பெயர்த்து வாசிக்கப்பட்டன. யாழ்ப்பாணத் தமிழரான தம்பிமுத்து அவருடைய வானொலி இலக்கிய இதழில் பங்கேற்றார். கையெழுத்துப்படி கிடைக்காத உரைகளுக்குக்கூட, ஒலிபரப்பான நாளைக் கண்டுபிடித்து டேவிசன் பதிந்தார். அந்தக் காலத்தை ஆர்வெல் இரண்டு வீணான ஆண்டுகள் என்று சொல்லிக்கொண்டார். அதற்கு மூன்று முழுத் தொகுதிகள் ஒதுக்கிய பதிப்பாசிரியர் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை என்றே நினைக்கிறோம்.

கசப்பான இடம் 1949இன் பட்டியல். நோய்ப்படுக்கையில் இருந்த ஆர்வெல், வெளியுறவுத் துறையின் இரகசியப் பிரச்சாரப் பிரிவில் வேலை பார்த்த தோழி சீலியா கெர்வனுக்கு, பிரச்சாரம் எழுத நம்பக் கூடாதவர்கள் என்று சில பெயர்களைக் கொடுத்தார். அதற்கு அடிப்படையான குறிப்பேட்டை டேவிசன் இருபதாம் தொகுதியில் அச்சிட்டார். வழக்கு வரும் என்பதால் சில பெயர்களை விட்டுவிட நேர்ந்தது. அனுப்பப்பட்ட பட்டியல் 38 பெயர்களோடு 2003இல் 'கார்டியன்' நாளிதழில் வெளிவந்தது. ஆர்வெலை நேசித்து அவருக்காகப் பதினேழு ஆண்டு உழைத்தவர் இதை மறைக்க முயலவில்லை. எங்கள் கருத்தில் அந்தப் பட்டியல் தவறான செயல். அப்படிச் சொல்வதற்கான ஆதாரத்தை எங்கள் கையில் கொடுத்தவர்களில் முதன்மையானவர் டேவிசன்.

பெருந்தொகுப்பு முடிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. விடுபட்ட கடிதங்கள் கிடைத்தபோது 2006இல் துணைத்தொகுதி ஒன்றைக் கொண்டுவந்தார். தொடர்ந்து நாட்குறிப்புகளும் கடிதத் தேர்வும் வந்தன. 2022இல் இறக்கும்போது வயது 95.

க.நா.சு.வின் மொழிபெயர்ப்பில் 'விலங்குப் பண்ணை'யைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். இன்று ஆர்வெலைப் புதிதாகத் தமிழில் தருபவர்கள் பலர். அந்த ஆர்வத்தை வரவேற்கிறோம். இனி நம் இதழுக்கு வரும் மொழிபெயர்ப்புகளில், அது ஆர்வெலோ வேறு எவரோ, எந்த ஆண்டின் எந்தப் பதிப்பிலிருந்து செய்யப்பட்டது என்ற குறிப்பு இருக்க வேண்டும். கட்டுரைகளில் மேற்கோள் வந்தால் அது முதலில் எழுதப்பட்ட ஆண்டும் சேர வேண்டும். அடுத்த இதழிலிருந்து இது நடைமுறைக்கு வருகிறது.