மைலேஜ் எங்கே போகிறது?

பாகூர், வில்லியனூர் பக்கத்துக் குட்டீஸ்களுக்குத் தெரிந்த விஷயம்தான். புதுச்சேரியில் வரி குறைவு. அதனால் பெட்ரோல் விலையும் தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. கடலூர், விழுப்புரம் வண்டிகள் எல்லை தாண்டி வந்து டேங்க்கை நிரப்பிக்கொண்டு போகும்!

ஆனால், 'கம்பெனி சொன்ன மைலேஜ் வரலையே' என்ற புலம்பல் இரண்டு பக்கமும் ஒன்றுதான். கம்பெனி சொன்னது பொய்யில்லை. சோதனைக்கூடத்தில், உருளைகள் மீது வண்டியை ஓடவிட்டு அளந்த கணக்கு அது. அங்கே வேகத்தடை ஏது? குறுக்கே வரும் ஆடு மாடு ஏது?

2025ல் பலரும், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் மீது பழி போட்டார்கள். எத்தனாலில் சக்தி குறைவு என்பது உண்மையே. அதற்கென வடிவமைக்காத வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் குறையலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. ஓட்டும் விதமும் டயர் காற்றும்கூடக் காரணம் என்றது.

ஆக்சிலேட்டரை முறுக்கிப் பறந்து, அடுத்த வேகத்தடையில் சடாரென்று பிரேக் பிடித்தால், பெட்ரோல் தந்த வேகமெல்லாம் பிரேக்கில் வெறும் சூடாகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால், எதிர்க்கிற காற்றின் விசை நாலு மடங்கு!

ஒரு கணக்கு. 100 ரூபாய் பெட்ரோலில் 50 கி.மீ. போனால், கி.மீ.க்கு 2 ரூபாய். 96 ரூபாய் பெட்ரோலை முரட்டுத்தனமாக ஓட்டி 45 கி.மீ.தான் போனால், 2 ரூபாய் 13 காசு. மலிவுப் பெட்ரோலே விலை கூடிவிட்டதே!

வீட்டு வண்டியிலும் பார்க்கலாம். டேங்க் நிரம்பியதும் கிலோமீட்டரைக் குறித்துவையுங்கள். மறுபடி நிரப்பும்போது, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். ஒரு டேங்க் அப்பா வழக்கம்போல் ஓட்டட்டும், அடுத்தது நிதானமாக.